மேளம் கேட்கிற தூரம்

என் வீட்டுக்காரர் நவீன்குமார் கடற்படையில் இருக்கிறார் என்று சொன்னால் எங்கள் மலையில் முதலில் சிரிப்பார்கள். ஜமுனாமரத்தூர் ஏரியில் சுற்றுலாக்காரர்களுக்கு விடுகிற படகுதான் இங்கே பாதிப் பேர் பார்த்த பெரிய கப்பல். சிரித்து முடித்ததும் அடுத்த கேள்வி வரும், பீரங்கி சுடுவாரா என்று. சுட மாட்டார். பீரங்கியை அவர் தொட்டதே கிடையாது. விசாகப்பட்டினத்தில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, எந்தக் கப்பலுக்கு எந்த ஆளை அனுப்புவது, லீவில் போனவன் இடத்தில் யாரை வைப்பது என்று பார்க்கிற ரைட்டர் வேலை அவருக்கு. இதைக் கேட்டதும் ஊராருக்கு முகம் தொங்கிவிடும். "அட, கணக்குப்புள்ளயா" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்கப் போய்விடுவார்கள்.

எனக்கும் கல்யாணமான புதிதில் கொஞ்சம் ஏமாற்றம்தான், அதை ஒளிக்க என்ன இருக்கிறது? நான் சந்தவாசல்காரி. மேல்நிலைப் பள்ளி படிக்க மலையிலிருந்து இறங்கி வந்த பையனைப் பார்த்து, பிடித்துப்போய், இரண்டு வீட்டையும் ஒரு வழி பண்ணிக் கட்டிக்கொண்டவள். இப்போது இந்த மலைக்கே கிராம செவிலியராகவும் வந்துவிட்டேன். அவர் லீவில் வரும்போதெல்லாம் கப்பல் கதை கேட்பேன். அவரோ ஆள் கதைதான் சொல்வார். "ஒரு கப்பல்ல எல்லாரும் வந்துட்டாங்க அருணா, சமையல்காரன் மட்டும் வரலன்னு வெச்சிக்கோ. கப்பல் கெளம்பாது." நான், "ஒரு சாம்பாருக்காகவா?" என்பேன். "ஒரு ஆளுக்காக" என்பார். அவர் அதைச் சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருக்காது. எனக்கு அதைப் பார்த்தால் இன்னும் சிரிப்பு வரும்.

எல்லையில் சண்டை மூண்ட அந்த மே மாதத்தில் அவர் லீவில் வந்திருந்தார். அது எல்லையம்மன் திருவிழா நேரம். எங்கள் ஊரில் சாமை விதைப்பதற்கு முன்னால் இந்தத் திருவிழா நடந்தாக வேண்டும். வீட்டுக்கு ஓர் ஆண் கையில் மஞ்சள் காப்பு கட்டிக்கொள்வான். கட்டினவன் திருவிழா முடிகிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தினமும் சாயங்காலம் அம்மனைத் தூக்குவதற்கு முன்னால், ஊர் நாட்டாண்மை மாதையன் ஒவ்வொரு வீடாகக் கூப்பிடுவார். ஆள் பெயரைச் சொல்ல மாட்டார், வீட்டின் பெயரைத்தான் சொல்வார். மேட்டு வூடு, ஓடை வூடு, கிணத்து வூடு என்று அவர் கூப்பிடக் கூப்பிட, அந்தந்த வீட்டில் காப்புக் கட்டினவன் "இருக்கேன் தாயே" என்று குரல் கொடுக்க வேண்டும். ஒரு வீட்டிலிருந்து குரல் வரவில்லை என்றாலும் அன்றைக்கு அம்மன் எழும்ப மாட்டாள். அம்மன் எழும்பாத வருஷம் விதை இறங்காது. இந்தச் சட்டத்துக்கு மேல்முறையீடு எல்லாம் கிடையாது.

எங்கள் வீட்டுக்குப் புளியமரத்து வூடு என்று பெயர். வருஷா வருஷம் என் மாமனார் சுப்பிரமணிதான் காப்புக் கட்டுவார். இந்த வருஷம் மகன் வந்திருக்கிறான் என்று அவர் பெருமையாக ஒதுங்கிக்கொண்டார். என் வீட்டுக்காரருக்காவது புத்தி இருந்திருக்க வேண்டும். "லீவுல போறவன் பாதியில விட்டுட்டு வர முடியாத எதையும் ஆரம்பிக்கக் கூடாது" என்று கப்பல் பையன்களுக்கு மணிக்கணக்கில் பாடம் எடுக்கிறவர் அவர். மாதையன் மஞ்சள் கயிற்றை எடுத்ததும், அவரே முதல் ஆளாகக் கையை நீட்டினார். ஊருக்குத்தானே உபதேசம்!

மறுநாள் காலையில் நான் டவர் பாறையில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் ஊரில் செல்போனுக்கு சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். தடுப்பூசி விவரம் அனுப்புவதானாலும், பிரசவத்துக்கு 108-ஐக் கூப்பிடுவதானாலும் அந்தப் பாறையில் ஏறித்தான் ஆக வேண்டும். போனை எடுத்த உடனே அழைப்பு வந்தது. அவசரத்துக்கு என்று என் வீட்டுக்காரர் அலுவலகத்தில் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்; கூப்பிட்டது அவருடைய மேலதிகாரி, ஒரு அம்மா. இந்தியும் ஆங்கிலமுமாகக் கலந்து பேசினார். சண்டை தொடங்கிவிட்டது, எல்லாருடைய லீவும் ரத்து, நவீன் உடனே கிளம்பியாக வேண்டும், அவர் வந்தால்தான் மற்றவர்களை ஒழுங்காகக் கூப்பிட்டுக் கப்பல்களை நிரப்ப முடியும் என்றார்.

போனை வைத்துவிட்டுப் பாறையிலிருந்து இறங்கினேன். பயமாக இருந்தது. கணக்குப்பிள்ளை வேலை என்று நானும் சேர்ந்து கேலி செய்த வேலைதான். ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்குக் கேலியே வரவில்லை.

வீட்டில் அவர் பலாப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கையில் ஒட்டின பலாப்பிசினைத் தேங்காய் எண்ணெய் போட்டு நிதானமாகத் துடைத்தார். பிறகு மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தார்.

"இன்னாங்க பண்ணப் போறீங்க?" என்றேன்.

"போவணும் அருணா. ஆனா இத மீறிட்டுப் போனா அப்பா இந்த ஊர்ல தலை நிமிர்ந்து நடக்க முடியாது."

அதுதான் சங்கடம். போகாவிட்டால் அங்கே கப்பல்கள் ஆளில்லாமல் நிற்கும், இவர் சண்டை நேரத்தில் வேலைக்கு வராதவர் என்று பெயர் எடுப்பார். போனால் இங்கே அம்மன் நின்றுவிடுவாள். ஊரே புளியமரத்து வீட்டைத்தான் கைகாட்டும்.

கோயில் முன்னால் ஊர் கூடியது. மாதையன் சாமி காரியத்தில் கல்லைப் போல உட்காருவார், மற்ற நேரங்களில் பூனைக்குட்டி. என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா முறை.

"சண்டை வந்துட்ச்சி பெரியப்பா. நான் போய்த்தான் ஆவணும்."

"சண்டைன்னா சுட்றவன் போவட்டும். எழுதுறவன் இன்னாத்துக்கு?"

"சுட்றவனுங்க பாதிப் பேரு என்ன மாதிரி லீவுல இருக்கானுங்க. எவன் எந்த ஊர்ல இருக்கான், எவன் எடத்துக்கு எவன் ஒத்து வருவான்னு பாத்து இட்டாந்து சேர்க்கறதுதான் எங்க வேலை. நம்ம கப்பலுங்கோ எண்ணிக்கையில ரொம்ப இல்ல. ஒண்ணு ஆளில்லாம நின்னாலும் அது போவ வேண்டிய எடம் காலியா கெடக்கும். ஆள் முழுசா இருந்தாத்தான் கரையில கட்டின கயித்த அவுப்பாங்க."

மாதையன் தாடையைத் தடவினார். "அதத்தான்டா நானும் சொல்றேன். ஒரு ஆள் கொறைஞ்சா இவளும் கெளம்ப மாட்டா."

 எங்கள் ஊர் நாட்டாண்மையும் விசாகப்பட்டினத்து அலுவலகமும் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"காப்ப அவுத்து எனக்குக் கட்டுங்க. நான் கொரல் குடுக்கிறேன்" என்றார் மாமனார்.

"கட்டின காப்பு கடைசி நாள்தான் அவுரும். காப்பில்லாத வாயி அம்மனுக்குப் பதில் சொல்லக் கூடாது. உனக்குத் தெரியாதா சுப்பிரமணி?"

என் மாமியார் வெள்ளையம்மாளுக்குக் கோபம் வந்தால் நாட்டாண்மையும் ஒன்றுதான், நாய்க்குட்டியும் ஒன்றுதான். "எம்புள்ளய வேலைய வுட்டுத் தூக்கிட்டா நீயா வந்து சோறு போடுவ?" என்று அவர் ஆரம்பித்ததும் கூட்டம் இரண்டாகப் பிரிந்து கத்தத் தொடங்கியது. மேளக்காரர் பூவரசனுக்குச் சத்தம் என்றாலே தன் வேலை என்று நினைப்பு. நடுவில் புகுந்து மேளத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். எல்லாரும் அடங்கினார்கள்.

"எல்லை எல்லைன்றீங்களே, அது எது வரைக்கும்? காப்புக் கட்டினவன் ஆடு ஓட்டிக்கினு காட்டுக்குள்ள போறான். கல்லு நட்ட எடத்தைத் தாண்டியும் போறான். யாராச்சும் கேட்டீங்களா? மேளம் காதுல வுழுற வரைக்கும் நம்ம எல்லைதானே?"

அது உண்மைதான். அப்படித்தான் வழக்கம். காப்புக் கட்டினவர்கள் பொழுது சாயும்போது மேளச் சத்தம் கேட்கிற தூரத்துக்குள் இருந்தால் போதும் என்று ஆடு வைத்திருக்கிறவர்கள் எப்போதோ வளைத்துக்கொண்ட சட்டம்.

என் கையில் போன் இருந்தது. மூளையை விட வாய் முந்திக்கொண்டது. "அப்ப போன்ல கேட்டா?"

 எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். போனில் கேட்பது கேட்பது ஆகுமா? போனில் பொண்ணு பார்க்கிறோம், பொண்ணு பார்த்தது ஆகவில்லையா? போனில் வட்டி கேட்கிறான், கேட்டது இல்லை என்று சொல்ல முடிகிறதா? மாதையன் கையை உயர்த்தினார். சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார்.

ஊரே டவர் பாறைக்கு ஏறியது. நான் சந்தவாசலில் இருக்கிற என் அம்மாவுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தேன். பூவரசன் அடித்தார்.

"இன்னாடி இது, காது கிழியுது! உங்கூர்ல திருவிழா ஆரம்பிச்சிட்டாங்களா?" என்றார் அம்மா.

மாதையன் கீழே மலையடிவாரத்தைப் பார்த்தார். "சந்தவாசல் வரைக்கும் கேக்குது" என்றார் மெதுவாக.

"அப்ப சந்தவாசலும் நம்ம எல்லைதான். அவங்களுக்குத் தெரிய வேணாம், கூழுக்கு வந்துடுவாங்க" என்றார் பூவரசன். என் பிறந்த ஊரைச் சொன்னதற்கு நான் முறைத்தேன். ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மாதையன் கடைசியில் ஒத்துக்கொண்டார். ஆனால் கறாராகப் பேசினார். தினமும் சாயங்காலம் அம்மனை இந்தப் பாறைக்கே தூக்கி வருவோம். மேளம் அவன் காதில் விழ வேண்டும், அவனே தன் வாயால் குரல் கொடுக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் குரல் வரவில்லை என்றால் அம்மன் திரும்பிப் போவாள், இந்த வருஷத்துத் திருவிழா அதோடு சரி.

"அம்மன் இதுவரைக்கும் பாறை ஏறினதில்லையே" என்று யாரோ இழுத்தார்கள்.

"நம்ம ஊட்டுப் பொண்ணுங்க பிரசவத்துக்கு வண்டி கூப்புட்ற எடம்தானே? ஏறுவா" என்றார் மாதையன்.

என் வீட்டுக்காரர் திருப்பத்தூருக்கு ஜீப் ஏறினார். கிளம்பும்போது என்னிடம், "போன சார்ஜ் போட்டு வெய்" என்றார். ஆயிரம் பேரைக் கப்பல் ஏற்றுகிற மனுஷனுக்குப் பெண்டாட்டியிடம் சொல்ல அவ்வளவுதான் கிடைத்தது. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

முதல் சாயங்காலம் ரயிலிலிருந்து குரல் கொடுத்தார். தண்டவாளச் சத்தத்துக்கு நடுவில் "இருக்கேன் தாயே" என்று அவர் கத்தியதும், பக்கத்து சீட்டுக்காரர் "சார், ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அம்மனே சிரித்திருப்பாள். அடுத்த நாளும் எப்படியோ சரியாக நடந்தது.

அவர் வேலையில் உட்கார்ந்த நாள்தான் கைவிட்டது. அலுவலகத்துக்குள் போனைக் கொண்டுபோக முடியாது. வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சாயங்காலம் வெளியே வந்து பேசுகிறேன் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். அம்மன் பாறைமேல் பூவோடும் மஞ்சளோடும் உட்கார்ந்திருந்தாள். மாதையன் மேட்டு வூடு, ஓடை வூடு என்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். எல்லா வீடும் குரல் கொடுத்தது. எங்கள் வீட்டைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தார். அவரும் கல் இல்லைதான்.

நான் போட்டேன். போனுக்குள் இருக்கிற பெண், ஊரே கேட்கும்படி, நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்றாள். அந்தப் பெண் மட்டும் கையில் கிடைத்திருந்தால் அன்றைக்கு ஊசி போடாமல் விட்டிருக்க மாட்டேன்.

மறுபடி போட்டேன், அதே பெண். வெயில் மேற்கு மலையில் இறங்கிக்கொண்டிருந்தது. மாமனார் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் எல்லையம்மனிடமே சண்டை போடுகிற குரலில் ஏதோ முணுமுணுத்தார். பூவரசன் மட்டும் அடிப்பதை நிறுத்தவில்லை. அவர் தோளிலிருந்து வியர்வை சொட்டியது. நிறுத்தினால் எல்லை சுருங்கிவிடும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"பொழுது சாஞ்சிட்ச்சிம்மா" என்றார் மாதையன் என்னிடம்.  அம்மனைக் கீழே இறக்கச் சொல்லிக் கையைத் தூக்கினார்.

போன் அடித்தது.

"அருணா, மேளம் நிக்கலயே?" மூச்சு வாங்கினார். "எம்மா நேரம்! என் எடத்துக்கு அடுத்த ஆள் வராம எழுந்திருக்க முடியல. வந்தவுடனே கேட்டுக்கு ஓடியாந்தேன்."

மாதையன் போனைப் பிடுங்கினார். "புளியமரத்து வூடு!" என்று மலை அதிரக் கூப்பிட்டார்.

"இருக்கேன் தாயே!"

நான் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டேன். மாமனார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஆனால் போனில் இன்னும் சத்தம் இருந்தது. அவர் பக்கத்தில் யாரோ "இன்னாண்ணே மேளம்?" என்று கேட்டார்கள். அவர் தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது. பிறகு இன்னொரு குரல், தெற்கத்திக் குரல், "எங்க ஊர்லயும் இன்னைக்குத்தாண்ணே அம்மன் கொடை" என்றது. அப்புறம் திடீரென்று ஒருவன், "நானும் இருக்கேன் தாயே!" என்று கத்தினான். அவன் பின்னால் இன்னும் இரண்டு மூன்று பேர் கத்தினார்கள்.

மாதையன் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "யாருடா நவீனு அவங்கல்லாம்?"

"நான் லீவுல இருந்து கூப்ட்டவங்க பெரியப்பா. கப்பலுக்குப் போறவங்க. ஒருத்தனுக்கு ஊர்ல கொடை, ஒருத்தனுக்கு நாளைக்கு நிச்சயதார்த்தம், ஒருத்தனுக்குக் கொழந்த பொறந்து இன்னும் மூஞ்சியே பாக்கல. எல்லாரும் பாதியில வுட்டுட்டு வந்தவங்க. எங்க எடத்துல தமிழ்க்காரங்க நாங்க இவ்ளோ பேருதான்."

"எப்ப கடலுக்குப் போறாங்க?"

"அத சொல்லக் கூடாது பெரியப்பா."

மாதையன் அம்மனைப் பார்த்தார், பிறகு ஊரைப் பார்த்தார். காப்பில்லாத வாய் அம்மனுக்குப் பதில் சொல்லக் கூடாது என்று சொன்ன மனிதர் அவர்தான். கொஞ்சம் யோசித்தார். பிறகு இடுப்பு முடிச்சிலிருந்து மிச்சம் இருந்த மஞ்சள் கயிற்றை எடுத்து, அம்மனின் கையில் ஒரு சுற்று சுற்றினார். அந்தப் பையன்களுக்காக அம்மனையே காப்புக் கட்டிக்கொள்ளச் சொல்கிறார் என்று எங்களுக்குப் புரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு புதிதாக ஒரு வீட்டைக் கூப்பிட்டார்.

"கப்பல் வூடு!"

"இருக்கோம் தாயே!" பாறையில் எதிரொலித்தது.

அன்றைக்கு அம்மன் எழும்பினபோது தூக்கினவர்களுக்கு எடையே தெரியவில்லையாம். இவர்கள் இப்படித்தான் எப்போதும் சொல்வார்கள். நான் அன்றைக்கு நம்பினேன்.

மறுநாள் மாதையன் கப்பல் வீட்டைக் கூப்பிட்டபோது பதில் இல்லை. என் வீட்டுக்காரர் மட்டும், "அவங்களால இப்ப பேச முடியாது பெரியப்பா" என்றார்.  ஆள் முழுசாகச் சேர்ந்து கப்பல் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் தேடிச் சேர்த்த ஆட்கள்.  மாதையன் அம்மனின் கையில் இருந்த மஞ்சள் கயிற்றைத் தொட்டு, அவரே பதில் சொன்னார்.

"இருக்காங்க தாயே."

அதற்கடுத்து வந்த ஒவ்வொரு சாயங்காலமும் அவரே சொன்னார். ஊரில் எவரும் சட்டம் பேசவில்லை. என் மாமியார் கூட.

திருவிழாவின் கடைசி நாளுக்குள் சண்டை நின்றுவிட்டது. அந்தச் சாயங்காலம் வீடுகளைக் கூப்பிடுவதற்கு முன்பே என் வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்துவிட்டது. மாதையன் புளியமரத்து வீட்டைக் கூப்பிட்டார், பதில் வந்தது. கப்பல் வீட்டைக் கூப்பிட்டார். "இருக்கோம் தாயே" என்று குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து வந்தன. பூவரசன் மேளத்தை ஓங்கினார். மாதையன் அவரைக் கையமர்த்திவிட்டு, போனைக் காதோடு வைத்துக்கொண்டார்.

"நவீனு, ஆள் கொறையலயே?"

"கொறையல பெரியப்பா. முழுசா இருக்காங்க."

"அப்ப காப்ப அவுத்துடு" என்றார். அம்மனின் கையிலிருந்த கயிற்றை அவரும் அவிழ்த்தார். மறுநாள் சாமை விதைத்தோம்.